பாப் டக்ளஸ்: அட்டவணைக்கு வெளியே நின்றவர்

தரவுத்தளங்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. ஓர் அட்டவணையில் ஒரு வரி மட்டும் மற்ற வரிகளோடு ஒட்டாமல் நின்றால் கண் அங்கேயே போய் நின்றுவிடும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் இந்த வியாதி விடுவதில்லை. கூடைப்பந்துப் பைத்தியமாக இருக்கும் என் மகனுக்காகப் பழைய அமெரிக்க அணிகளின் பட்டியல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அப்படி ஒரு வரி சிக்கியது.

அமெரிக்காவில் 1937 முதல் 1949 வரை நேஷனல் பாஸ்கெட்பால் லீக் என்றொரு தொழில்முறைப் போட்டி அமைப்பு இருந்தது. அதன் கடைசிப் பருவமான 1948-49-ன் பட்டியலின் அடிமட்டத்தில், டெட்ராய்ட் என்றும் டேட்டன் என்றும் இரண்டு ஊர்ப் பெயர்களைச் சேர்த்துப் போட்டு ஓர் அணி இருக்கிறது. 16 வெற்றி, 43 தோல்வி. ஒரே அணிக்கு ஏன் இரண்டு ஊர் என்று தோண்டினேன். அந்தத் தோல்விகளில் 17 அந்த அணி ஆடிய ஆட்டங்களே அல்ல, வேறொரு அணியிடமிருந்து கடனாக வந்து ஒட்டிக்கொண்டவை என்று தெரிந்தது. அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் அதே அணி பெற்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெற்றிகளுக்கு எந்த லீக்கின் அட்டவணையிலும் இடம் இல்லை என்பதும் தெரிந்தது. அந்த அணியின் பெயர் நியூயார்க் ரெனசான்ஸ். சுருக்கமாக ரென்ஸ். அதை உருவாக்கி, நடத்தி, கடைசியில் மூடியவர் ராபர்ட் டக்ளஸ். பாப் டக்ளஸ் என்றால்தான் ஹார்லெமில் தெரியும்.

நான் குடியிருப்பது லண்டனின் மேற்குப் பகுதியான சவுத்தாலில். ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் ஆங்கிலத்தோடு குர்முகியும் இருக்கும் ஊர். பஞ்சாபிகள் கட்டியெழுப்பிய ஊர் என்றாலும், கடைத்தெருவில் நடந்தால் யாழ்ப்பாணத் தமிழும் காதில் விழும். இந்த ஊரில் இருந்துகொண்டு டக்ளஸின் கதையைப் படித்ததால்தான் எனக்கு அது வேறு மாதிரிப் பட்டதோ என்னவோ. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் டக்ளஸ்.

*

டக்ளஸ் பிறந்தது 1882-ல், மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான செயிண்ட் கிட்ஸில். அப்போது அது பிரிட்டிஷ் காலனி. கரும்பும் சர்க்கரை ஆலையும்தான் ஊர். சர்க்கரைக்கு விலை விழுந்தால் ஊரே பட்டினி. பிழைக்க வழி தேடிக் கப்பலேறியவர்கள் பலர். டக்ளஸும் அப்படி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். ஹார்லெமில் அன்று குடியேறிய கறுப்பர்களில் பெரிய பங்கு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். இன்னொரு பங்கு இவரைப் போன்ற கரீபியத் தீவுக்காரர்கள். உள்ளூர்க் கறுப்பர்கள் இந்தத் தீவுக்காரர்களை அவ்வளவாகத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. வெள்ளையர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

டக்ளஸ் வளர்ந்த தீவில் கிரிக்கெட் உண்டு, கால்பந்து உண்டு. கூடைப்பந்து என்பதே புதுச் சரக்கு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்ப்ரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் 1891-ல் குளிர்கால உடற்பயிற்சிக்காக உருவாக்கிய ஆட்டம் அது. நம்மூருக்கும் அது அதே வழியில்தான் வந்தது. ஒய்.எம்.சி.ஏ. அனுப்பிய ஹாரி க்ரோ பக் 1920-ல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விப் பள்ளிதான் இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி. நியூயார்க்கில் முதன்முதலாக இந்த ஆட்டத்தைப் பார்த்த டக்ளஸுக்கு அது அப்படியே பிடித்துப்போனது. சில காலம் தானும் ஆடினார். ஆனால் ஆடுவதைவிட ஆட்களைச் சேர்ப்பதிலும் நடத்துவதிலும்தான் அவருடைய கை தேர்ந்திருந்தது.

1908-ல் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஸ்பார்ட்டன் ஃபீல்டு கிளப் என்றொரு விளையாட்டு மன்றத்தைத் தொடங்கினார். கறுப்புச் சிறுவர்களுக்கு ஒழுங்கான மைதானமோ பயிற்சியோ கிடைக்காத காலம். கிரிக்கெட், கால்பந்து, தடகளம், கூடைப்பந்து என்று எல்லாமே அந்த மன்றத்தில் இருந்தன. சம்பளம் இல்லாத, பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களின் மன்றம். கூடைப்பந்து அணி நன்றாக ஆடி, கூட்டம் சேர ஆரம்பித்ததும் தகராறும் சேர்ந்தே வந்தது. அமெச்சூர் போட்டிகளை நடத்திய அமைப்பு, டக்ளஸின் ஆட்டக்காரர்களில் சிலர் வெளியே பணம் வாங்கிக்கொண்டு ஆடுகிறார்கள், அவர்களை நீக்க வேண்டும் என்றது. டக்ளஸ் மறுத்தார்.

இந்த இடத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒளித்து மறைத்துப் பணம் கொடுப்பது ஒன்று. பலர் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்துத் தொழில்முறை அணியாகவே நடத்துவது இன்னொன்று. கறுப்பர் ஒருவர் சொந்தமாக, மாதச் சம்பளம் தந்து, முழுப் பருவத்துக்கும் ஒப்பந்தம் போட்டு ஒரு கூடைப்பந்து அணியை நடத்தியதற்கு முன்மாதிரி எதுவும் கிடையாது. டக்ளஸ் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்.

*

அணிக்கு ஆள் தயார். ஆட இடம்? இங்கேதான் இன்னொரு தீவுக்காரர் வருகிறார். மொன்செராட் தீவிலிருந்து வந்த வில்லியம் ரோச், கூட்டாளிகளோடு சேர்ந்து ஹார்லெமின் ஏழாவது அவென்யூவில், 137-ஆம் 138-ஆம் தெருக்களுக்கு நடுவில், ரெனசான்ஸ் என்ற பெயரில் ஒரு பெரிய கேளிக்கை அரங்கைக் கட்டியிருந்தார். காசினோ என்ற சொல் பெயரில் இருந்தாலும் அது சூதாட்ட விடுதியல்ல. நடனம், விருந்து, கூட்டம் என்று எல்லாவற்றுக்குமான மண்டபம். கறுப்பர்கள் ஆடிப்பாட, ஆனால் வெள்ளையர்கள் கல்லாவில் உட்கார என்றிருந்த அன்றைய ஹார்லெமில், கறுப்பர்களே கட்டி, கறுப்பர்களே நடத்திய இடம்.

டக்ளஸ் ரோச்சிடம் போய் ஒரு பேரம் பேசினார். நடன மண்டபத்தில் ஆட இடம் கொடுங்கள், பதிலுக்கு அணிக்கு உங்கள் மண்டபத்தின் பெயரையே வைக்கிறேன். ஊர் ஊராகப் போகும்போது அது உங்களுக்கு விளம்பரம். டக்ளஸுக்கு அந்தப் பெயரில் அவ்வளவு இஷ்டம் இல்லை என்று சொல்வார்கள். இஷ்டத்தைப் பார்த்தால் இடம் கிடைக்காது. ஸ்பார்ட்டன் என்ற பழைய பெயரை விட்டுக்கொடுத்தார். ரெனசான்ஸ் அணி பிறந்தது. 1923 நவம்பர் 3 அன்று முதல் ஆட்டம். வெள்ளையர் அணி ஒன்றை 28-22 என்ற கணக்கில் வென்றார்கள்.

மண்டபத்தின் தரை நடனத்துக்காகப் பளபளவென்று தேய்க்கப்பட்டது. ஆட்டக்காரர்களின் கால் வழுக்கும். நடனத்துக்கு வந்தவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பார்கள், ஆட்டம் முடிந்ததும் இசைக்குழு தொடங்கும், பார்வையாளர்கள் அதே தரையில் இறங்கி ஆடுவார்கள். நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வரும் கூட்டம். அந்த நாள் ஹார்லெமில் கவிஞர்களும் பாடகர்களும் ஓவியர்களும் ஒரு மறுமலர்ச்சியை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது இலக்கிய வாசகர்களுக்குத் தெரியும். அந்த மறுமலர்ச்சியின் பெயரிலேயே ஒரு கூடைப்பந்து அணியும் ஓடிக்கொண்டிருந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது.

28-22 என்பதைப் பார்த்து என் மகன் இது முதல் பத்து நிமிடத்துக் கணக்கா என்று கேட்டான். இன்றைய ஆட்டங்களில் ஒவ்வோர் அணியும் நூறைத் தாண்டுகிறது. அன்று ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை நடுவுக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் போட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். அந்த விதி மாறியது 1937-ல். இத்தனை விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற கடிகாரம் வந்தது 1954-ல். அதுவரை பந்தை வைத்திருப்பதே ஒரு கலை. அந்தக் கலையில் ரென்ஸ் அணிக்கு இணை இல்லை. தரையில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது டக்ளஸுக்குப் பிடிக்காது. கைக்குக் கை, கைக்குக் கை என்று பந்து பறக்க வேண்டும். எதிரணி பந்தைத் துரத்தியே களைத்துவிடும்.

ஆட்டக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். அணித்தலைவர் கிளாரன்ஸ் ஜென்கின்ஸ் குள்ளமானவர், மின்னல் வேகம், கோடையில் கறுப்பர் லீக்குகளில் பேஸ்பால் ஆடுவார். பில் யான்சியும் பேஸ்பால் ஆட்டக்காரர். எய்ர் சேட்ச் 1926-ல் கறுப்பர்களுக்கான தேசிய டென்னிஸ் பட்டத்தை வென்றவர். பிறகு வந்து சேர்ந்தவர்கள் ஆறடி நான்கு அங்குல உயரமுள்ள சார்லஸ் கூப்பரும் வில்லி ஸ்மித்தும். டார்ஜான் என்ற பட்டப்பெயரோடு கூப்பர் வளையத்துக்குக் கீழே நின்றால் எதிரணிக்கு வழி கிடையாது.

*

அந்தக் காலத்தில் உலகின் தலைசிறந்த அணி என்று பெயர் வாங்கியிருந்தது நியூயார்க்கின் ஒரிஜினல் செல்டிக்ஸ். இன்றைய பாஸ்டன் செல்டிக்ஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வெள்ளையர் அணி. 1925 டிசம்பரில் ரென்ஸ் அவர்களை முதன்முறையாக வீழ்த்தியது. அதன் பிறகு இரண்டு அணிகளும் ஆண்டுக்கணக்கில் மோதின. செல்டிக்ஸின் நடு ஆட்டக்காரர் ஜோ லாப்சிக், ஆட்டம் தொடங்கும் முன் கூப்பருக்குக் கை கொடுப்பதில்லை, கட்டித் தழுவிக்கொள்வார். அந்தக் காலத்து அமெரிக்காவில், ஆயிரக்கணக்கானவர் பார்க்க, ஒரு வெள்ளைக்காரர் அதைச் செய்வது சாதாரணம் அல்ல. அதற்காக அவருக்கு ஏச்சும் மிரட்டலும் வந்தன.

அதே 1925-ல் அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக் என்ற அமைப்பு உருவானது. வெள்ளையர் அணிகள் மட்டுமே. ரென்ஸ் அணிக்குக் கதவு அடைக்கப்பட்டது. லீக்கில் இடம் இல்லையென்றால் வீட்டில் உட்கார முடியுமா? சம்பளம் கொடுக்க வேண்டுமே. அதிலும் 1929-ல் பொருளாதாரம் சரிந்தபின் ஹார்லெம் மண்டபத்தில் கூட்டம் குறைந்தது. டக்ளஸ் அணியைப் பேருந்தில் ஏற்றிச் சாலைக்கு அனுப்பினார். ஊர் ஊராகப் போய், உள்ளூர் அணி எதுவானாலும் அதோடு ஆடி, வசூலில் பங்கு வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவது. நம்மூர் நாடகக் கம்பெனிகள் போன இடமெல்லாம் கொட்டகை போட்ட மாதிரி.

அந்தப் பேருந்துதான் அணியின் வீடு. பல ஊர்களில் இவர்களுக்கு விடுதியில் அறை கிடையாது. ஆயிரம் பேர் கைதட்டிய ஆட்டத்தை முடித்துவிட்டு வந்தால் உணவகத்தில் உட்காரவிட மாட்டார்கள். ரொட்டியும் குளிர்ந்த இறைச்சியும் வாங்கிப் பேருந்திலேயே தின்றார்கள். கறுப்பர்கள் தங்க இடம் கிடைக்கும் பெரிய நகரம் ஒன்றை மையமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர்கூடப் போய் ஆடிவிட்டு, இரவோடு இரவாகத் திரும்பி வந்து படுப்பார்கள். கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ள எரிக் இல்லிட்ஜ் என்ற பயண மேலாளர் போனார். அவருடைய பைகளில் இரண்டு பொருட்கள் இருக்கும். ஒன்று, வாசலில் நுழையும் தலைகளை எண்ணும் கருவி. இன்னொன்று, கைத்துப்பாக்கி. வந்த கூட்டத்தைக் குறைத்துக் காட்டி ஏமாற்றப் பார்ப்பவர்களுக்கு முதலாவது. அதற்கும் மசியாதவர்களுக்கு இரண்டாவது. கைக்குப் பணம் வராமல் அணி களத்தில் இறங்காது.

டக்ளஸ் பெரும்பாலும் நியூயார்க்கிலேயே உட்கார்ந்து, அடுத்த ஆட்டங்களை ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கண்டிப்பானவர். காசு விஷயத்தில் கெட்டி. ஆட்டக்காரர்களில் சிலருக்கு அந்தக் கெட்டித்தனம் மீது வருத்தம் இருந்தது. ஆனால் பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்த ஆண்டுகளில், மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு என்று ஒரு கறுப்பு ஆட்டக்காரன் நம்பக்கூடிய இடம் அது ஒன்றுதான். களத்தில் கோமாளித்தனம் கூடாது என்பது அவருடைய இன்னொரு விதி. சிகாகோவில் ஏப் சேப்பர்ஸ்டீன் என்ற வெள்ளையர் நடத்திய ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணி பின்னாளில் வேடிக்கை காட்டிப் பெரும்பணம் சம்பாதித்தது. டக்ளஸ் அந்தப் பக்கம் போகவில்லை. ஆட்டத்தை ஆட்டமாக ஆடிக் காட்டினால் போதும் என்று நினைத்தார். வரவேற்ற ஊர்க்காரர்களை அவமானப்படுத்தும்படி பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பதையும் தவிர்த்தார்கள். அடுத்த ஆண்டும் அதே ஊருக்குப் போக வேண்டுமல்லவா?

1932-33 பருவத்தில் அணியின் கணக்கு 120 வெற்றி, 8 தோல்வி. அதில் 1933 ஜனவரி முதல் மார்ச் வரை 86 நாட்களில் 88 ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்றார்கள். நாளுக்கு ஒன்றுக்கும் மேல். இந்தத் தொடரை முறித்ததும் செல்டிக்ஸ்தான். இன்றைய என்.பி.ஏ.யில் தொடர்வெற்றிச் சாதனை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் 1971-72-ல் பெற்ற 33. இரண்டையும் அப்படியே ஒப்பிடக்கூடாது. ரென்ஸ் சந்தித்த எதிரணிகளில் வல்லவர்களும் உண்டு, உள்ளூர்ப் பையன்களும் உண்டு. ஆனால் அத்தனை இரவுகளையும் பேருந்திலும் பட்டினியிலும் கழித்துவிட்டு எழுந்து ஆடியவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

*

லீக்கில் சேர்க்காவிட்டாலும் உலகப் பட்டம் என்று ஒன்று வந்தது. 1939 மார்ச்சில் சிகாகோவில் முதல் உலகத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. கறுப்பர் அணிகளையும் அழைத்தார்கள். ரென்ஸ் அரையிறுதியில் குளோப்டிராட்டர்ஸ் அணியை 27-23 என்று வென்றது. மார்ச் 28 அன்று இறுதி ஆட்டம். எதிரே நேஷனல் லீக்கின் வலுவான அணிகளில் ஒன்றான ஆஷ்காஷ் ஆல்ஸ்டார்ஸ். 34-25. ரென்ஸ் உலக வெற்றியாளர். பரிசு ஆயிரம் டாலர். அந்த அணியில் ஆடியவர்களில் ஒருவரான ஜாக் கிளேட்டன் பின்னாளில் குத்துச்சண்டை நடுவரானார். 1974-ல் கின்ஷாசாவில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதியபோது வளையத்துக்குள் நின்ற நடுவர் அவர்தான்.

வெற்றிக்குப் பிறகு நடந்த ஒரு சின்னச் சம்பவம்தான் இந்தக் கதையில் என்னை மிகவும் பாதித்தது. டக்ளஸ் ஆட்டக்காரர்களுக்கு அழகான ஜாக்கெட்டுகள் தைத்துக் கொடுத்தார். முதுகில், நிறத்தவர்களின் உலக வெற்றியாளர்கள் என்ற பொருளில் எழுத்துகள். ஜான் ஐசக்ஸ் என்ற இளைஞர், பனாமாவில் பிறந்து ஹார்லெமில் வளர்ந்தவர், ஒரு சவரத் தகட்டைக் கடன் வாங்கினார். நிறத்தவர் என்ற சொல்லை மட்டும் நூல் நூலாகப் பிரித்து எடுத்துவிட்டார். நல்ல ஜாக்கெட்டைப் பாழாக்குகிறாயே என்று டக்ளஸ் பதறினாராம். இல்லை, சரி செய்கிறேன் என்பதுதான் ஐசக்ஸின் நிலை.

இரண்டு பேர் பக்கமும் எனக்கு நியாயம் தெரிகிறது. டக்ளஸுக்கு அப்போது வயது 56. அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டே ஓர் அணியைக் கட்டி, அந்தச் சொல்லோடேயே அதை உலகின் உச்சிக்குக் கொண்டுபோனவர். ஐசக்ஸுக்கு இருபத்துச் சொச்சம். உலகத்தையே வென்ற பிறகும் இந்த முன்னொட்டு எதற்கு என்று கேட்கிறார். தலைமுறைகளுக்கு நடுவே நடக்கும் எல்லாச் சண்டைகளும் இப்படி ஒரு சொல்லைப் பற்றித்தான் இருக்கின்றன.

1940-ல் அதே போட்டியின் காலிறுதியில் ரென்ஸ் 37-36 என்று ஒரு புள்ளியில் குளோப்டிராட்டர்ஸிடம் தோற்றது. பிறகு போர் வந்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு. பேருந்தை நம்பி வாழும் அணிக்கு அது மரண அடி. ஐசக்ஸ் உள்ளிட்ட பல ஆட்டக்காரர்கள் கூடுதல் பணம் கிடைத்த வாஷிங்டன் பேர்ஸ் அணிக்குப் போனார்கள். அந்த அணி 1943-ல் உலகப் பட்டத்தை வென்றது. டக்ளஸ் வளர்த்த பயிர், வேறு களத்தில் அறுவடையானது.

*

போருக்குப் பின் 1946-ல் பாஸ்கெட்பால் அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற புது லீக் பெரிய நகரங்களின் பெரிய அரங்குகளோடு தொடங்கியது. அதில் இடம் பெற டக்ளஸ் எடுத்த முயற்சி பலிக்கவில்லை. 1948 டிசம்பரில் ஒரு சந்து திறந்தது. பழைய நேஷனல் லீக்கில் டெட்ராய்ட் அணி பாதியில் கையை விரித்துவிட்டது. அந்த ஓட்டையை அடைக்க ஆள் தேவைப்பட்டது. ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரத்தை இருப்பிடமாகக் கொண்டு ரென்ஸ் ஆடலாம் என்றார்கள். டக்ளஸ் ஒப்புக்கொண்டார். வெள்ளையர் லீக் ஒன்றில் முழுக்க முழுக்கக் கறுப்பர்களே ஆடிய முதல் அணி அது. அதே லீக்கில் 1946-47-ல் ஏற்கெனவே ஆடியிருந்த வில்லியம் கேட்ஸ் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார்.

ஆனால் டெட்ராய்ட் அணியின் 2 வெற்றியும் 17 தோல்வியும் ரென்ஸ் கணக்கில் ஏறின. முதல் நாளே கடைசி இடம். ஆட்டக்காரர்களுக்கு வயதாகிவிட்டது. டேட்டன் மக்களுக்கு இது சொந்த அணியாகப் படவில்லை, கூட்டம் வரவில்லை. தாங்களே ஆடிய நாற்பது ஆட்டங்களில் 14-ல் வென்று 26-ல் தோற்றார்கள். நான் அட்டவணையில் பார்த்த 16-43 என்பது இந்த இரண்டின் கூட்டல்.

1949 ஆகஸ்டில் இரண்டு லீக்குகளும் இணைந்தன. இன்றைய என்.பி.ஏ. பிறந்தது. மொத்தம் 17 அணிகள். வாட்டர்லூ, ஷெபாய்கன் போன்ற சிற்றூர்களின் அணிகளுக்குக்கூட இடம் கிடைத்தது. ரென்ஸ் அணிக்குக் கிடைக்கவில்லை. அதோடு அணி முடிந்தது.

அடுத்த ஆண்டே, 1950-ல், என்.பி.ஏ. கறுப்பு ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்தது. சக் கூப்பர், ஏர்ல் லாய்ட், நாட் கிளிஃப்டன் என்று மூவர் நுழைந்தார்கள். கிளிஃப்டன் முன்பு ரென்ஸில் ஆடியவர். அவரை எடுத்துக்கொண்ட நியூயார்க் நிக்ஸ் அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? கூப்பரைக் கட்டித் தழுவிய அதே ஜோ லாப்சிக்.

இதை மகிழ்ச்சியான முடிவாக எழுதிவிடலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் கவனித்துப் பாருங்கள். உள்ளே விட்டது ஆட்டக்காரர்களை, ஒவ்வொருவராக, பொறுக்கி எடுத்து. அணியை விடவில்லை. உரிமையாளரை விடவில்லை. பயிற்சியாளரை விடவில்லை. என்.பி.ஏ.யில் ஒரு கறுப்பர், பில் ரஸ்ஸல், தலைமைப் பயிற்சியாளரானது 1966-ல். ஒரு கறுப்பர் பெரும்பான்மை உரிமையாளராக ஓர் அணியைப் பெற்றது 2002-ல், சார்லட் நகரத்துக்காக ராபர்ட் ஜான்சன். டக்ளஸ் 1923-ல் செய்து காட்டியதை அந்த லீக் அனுமதிக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பேஸ்பாலிலும் இதுவே கதை. 1947-ல் ஜாக்கி ராபின்சன் நுழைந்ததும் நாடு கொண்டாடியது, கறுப்பர் லீக்குகள் ஒவ்வொன்றாகச் செத்தன. சுவர் இடிந்தது நல்லதுதான். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் கட்டிய வீடும் சேர்ந்து இடிய வேண்டுமா என்ற கேள்வி டக்ளஸுக்கு இருந்திருக்கும்.

*

டக்ளஸ் அதன்பிறகு பல ஆண்டுகள் அதே ரெனசான்ஸ் மண்டபத்தை நிர்வகித்தார். திருமணங்கள், விருந்துகள், கூட்டங்கள் என்று நடந்தன. அணி போய்விட்டாலும் பெயர் கொடுத்த மண்டபம் மிஞ்சியது. 1963-ல் 1930களின் ரென்ஸ் அணியை ஸ்ப்ரிங்ஃபீல்டின் கூடைப்பந்துப் புகழரங்கம் அணியாகச் சேர்த்துக்கொண்டது. 1972-ல் டக்ளஸைத் தனியாகச் சேர்த்தது. அங்கே தனிநபராக இடம்பெற்ற முதல் கறுப்பர் அவர்தான். அவருக்கு அப்போது வயது 89. கூப்பர் 1977-லும், கேட்ஸ் 1989-லும், சவரத் தகட்டுக்கார ஐசக்ஸ் 2015-லும், ஜென்கின்ஸ் 2021-லும் சேர்க்கப்பட்டார்கள். கடைசி இருவரும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. டக்ளஸின் மொத்தக் கணக்கு என்று பரவலாகச் சொல்லப்படுவது 2,318 வெற்றி, 381 தோல்வி.

1979 ஜூலை 16 அன்று, 96 வயதில், டக்ளஸ் நியூயார்க்கில் இறந்தார். மண்டபம் அதே ஆண்டு மூடப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாழடைந்து கிடந்து, 2015-ல் இடிக்கப்பட்டது. இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு.

1979 என்றதும் சவுத்தால்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அந்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி இங்கே நகர மன்றத்தில் கூட்டம் போட்டது. அதை எதிர்த்து ஊரே தெருவுக்கு வந்தது. அன்று தலையில் அடிபட்டு நள்ளிரவுக்குப் பின் இறந்தவர் பிளேர் பீச், நியூசிலாந்திலிருந்து வந்த ஆசிரியர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் குர்தீப் சிங் சக்கர் என்ற பதினெட்டு வயதுப் பையன் இதே ஊரில் குத்திக் கொல்லப்பட்டான். அடுத்தடுத்த தலைமுறைகள் இங்கே நிம்மதியாக நடமாடுவதற்கு முன் நடந்த கதைகள் இவை. நானும் என் மகனும் எந்தப் பயமும் இல்லாமல் பந்தைத் தட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போகும் வழியும் அந்த வழியில்தான் சேர்த்தி.

சவுத்தாலிலும் ஒரு மண்டபக் கதை உண்டு. இங்கே டொமினியன் என்றொரு சினிமாக் கொட்டகை இருந்தது. ஆலைகளில் இரவு வேலை பார்த்த பஞ்சாபித் தொழிலாளர்களின் சங்கமான இந்தியத் தொழிலாளர் சங்கம் 1960களில் அதை விலைக்கு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை இந்திப் படம், மற்ற நேரத்தில் கூட்டம், சங்கப் பேச்சு, உதவி. மதுக்கடையில் ஒரு கோப்பை குடிக்கப் போனாலும் முகம் சுளித்த காலத்தில், இது நம்ம இடம் என்று சொல்லிக்கொள்ள ஒரு கூரை. அந்தக் கொட்டகையும் பின்னர் இடிக்கப்பட்டு, அதே பெயரில் ஒரு சமூக மையம் அங்கே எழுந்தது. ரோச்சின் மண்டபத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான்.

புலம்பெயர்ந்தவர்களின் வரலாற்றில் யார் முதலில் உள்ளே நுழைந்தார் என்பதைத்தான் நாம் எப்போதும் எழுதுகிறோம். முதல் கறுப்பு ஆட்டக்காரர், முதல் இந்திய உறுப்பினர், முதல் தமிழ் மேயர். உள்ளே நுழைய முடியாத காலத்தில் வெளியே ஒரு தரையைத் தேய்த்து, விளக்குப் போட்டு, சம்பளம் கொடுத்து, ஆயிரம் பேரை வேலை செய்ய வைத்தவர்களை எழுதுவதில்லை. அவர்கள் அட்டவணையில் வர மாட்டார்கள். வந்தாலும், 16-43 என்று, அடுத்தவர் தோல்வியையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் வருவார்கள்.

என் மகனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அந்தப் பதினேழு தோல்வியையும் கழித்துவிட்டு எழுத வேண்டியதுதானே என்றான். ஒரு தாளை எடுத்து அவனே எழுதிப் பார்த்தான். பழைய 2,318 வெற்றியையும் மேலே தனி வரியாகப் போட்டான். அந்தத் தாள் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் அவனிடம் திருத்தவில்லை. முதுகில் என்ன எழுதுவது என்று யோசித்துவிட்டு, அவன் தாளின் தலைப்பில் உலக வெற்றியாளர்கள் என்று மட்டும் எழுதியிருந்தான்.